பழைய விமானத்துக்குப் புது மூளை: பில் லியர்

லியர்ஜெட் என்ற பெயரைக் கேட்டதும் கூர்மையான மூக்கும் பணக்காரப் பயணிகளும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஜெட்டைக் கொண்டுவந்த பில் லியர் அதுக்கு முன்னாடி முப்பது வருஷம் வேற ஒரு வேலை பார்த்தார். அடுத்தவங்க கட்டின விமானங்களுக்குள்ள ரேடியோவும், திசைகாட்டியும், தானியங்கி ஓட்டியும் பொருத்தற வேலை. ஈசிஇ, ஈஇஇ, ஏரோ மூணு துறைக்காரங்களும் உரிமை கொண்டாடக்கூடிய ஆள் இவர். ஆனா எந்தத் துறையிலும் பட்டம் வாங்கினவர் இல்லை. பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை.

1902-ல் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில், ஹானிபல் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது சிகாகோவில். முதல் உலகப் போர் முடியும் சமயத்தில் கடற்படையில் சேர்ந்து ரேடியோ கற்றுக்கொண்டார். பிறகு ரேடியோ சுருள்கள் செய்து விற்றார். 1930-ல் பால் கால்வினின் நிறுவனம் வெளியிட்ட மோட்டோரோலா கார் ரேடியோவில் இவர் பங்கும் உண்டு. கார் ரேடியோவைக் கண்டுபிடித்தவரே லியர்தான் என்று சிலர் எழுதுவாங்க, அது கொஞ்சம் அதிகம். கால்வின், வேவரிங், லியர் என்று பல கைகள் சேர்ந்து செய்த வேலை அது. ஆனா ஓடுகிற எஞ்சினின் தீப்பொறி இரைச்சலுக்கு நடுவில், அதிர்வைத் தாங்கி, ஒரு சின்ன இடத்துக்குள் ரேடியோவை உட்கார வைக்கும் வித்தையை லியர் அங்கேதான் பழகினார்.

1931-ல் 2,500 டாலருக்கு ஃப்ளீட் என்ற இரட்டை இறக்கை விமானம் ஒன்றை வாங்கினார். ஓட்ட ஆரம்பித்ததும் ஒரு விஷயம் புரிந்தது: விமானத்தைப் பறக்க வைப்பதைவிட, இப்போ எங்கே இருக்கோம் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ரயில் தண்டவாளத்தையும் ஆற்றையும் பார்த்துக்கொண்டே பறந்த காலம். மேகம் மறைத்தால் கதை முடிந்தது. லியரின் கவனம் திசை காணும் ரேடியோ பக்கம் திரும்பியது.

அந்தக் கருவி வேலை செய்கிற விதம் நமக்குத் தெரிந்த ஆன்டெனா பாடம்தான். வளைய ஆன்டெனாவின் தளம் அலை வரும் திசைக்குச் செங்குத்தாக நின்றால் சிக்னல் பூஜ்யமாகும். வளையத்தைச் சுற்றி அந்தப் பூஜ்யத்தைப் பிடித்தால் நிலையம் இருக்கும் கோடு தெரியும். ஆனா நிலையம் முன்னாலா, பின்னாலா? 180 டிகிரி குழப்பம். கூடவே ஒரு நேர் ஆன்டெனாவின் சிக்னலையும் சேர்த்தால் அந்தக் குழப்பம் தீரும். முதலில் விமானியே கையால் வளையத்தைச் சுற்ற வேண்டியிருந்தது. பிறகு மோட்டார் சுற்றியது, முள் தானாகவே நிலையத்தைக் காட்டியது. இந்த வரிசைக் கருவிகளை மேம்படுத்தி சொந்த விமானம் வைத்திருந்தவர்களுக்கு விற்றவர்களில் லியர் முக்கியமானவர். நடுவில் காசு தீர்ந்தபோது எந்த ரேடியோவுக்கும் பொருந்தும் ஒரு பெருக்கியை வடிவமைத்தார். 1934-ல் ஆர்சிஏ நிறுவனம் அதை வாங்கியது. அந்தப் பணத்தில் மறுபடி விமானக் கருவிகள்.

இரண்டாம் உலகப் போரில் அவர் நிறுவனம் ராணுவ விமானங்களுக்கு மோட்டார்களும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் செய்து பெரிதானது. போர் முடிந்ததும் அடுத்த கேள்வி வந்தது. அன்றைய தானியங்கி ஓட்டிகள் பெரியவை, கனமானவை. ஜெட் போர் விமானத்தில் அவ்வளவு இடம் ஏது? லியர் குழு செய்த எஃப்-5 என்ற கருவி சிறியது, எடை குறைந்தது. கைரோ சொல்லும் சாய்வைப் பார்த்து, சர்வோ மோட்டார்கள் மூன்று அச்சிலும் விமானத்தை நேராக்கும். அதோடு தரையிறங்கும் ரேடியோ கதிரைப் பிடித்து ஓடுபாதையை நோக்கித் தானே இறங்கும் இணைப்பானும் சேர்ந்தது. 1949-ஆம் ஆண்டுக்கான கோலியர் பரிசு இதற்குத்தான் கிடைத்தது. அமெரிக்க விமானத் துறையில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஜனாதிபதி ட்ரூமன் கையால் வாங்கினார்.

சொந்த விமானக்காரர்களுக்கு இது ஏன் தேவை? 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 மாணவ விமானிகளை மேகத்துக்குள் போன மாதிரி, வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்ட வைத்தாங்க. இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தாங்க. சராசரியாக 178 நொடியில். மூணு நிமிஷம் கூட இல்லை! காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் சாய்ந்து சுழன்று இறங்கும்போதும் உடம்பு நேராக இருப்பதாகவே நம்பும். ஏர்லைன்ஸில் பக்கத்து இருக்கையில் இன்னொரு விமானி இருப்பார். சொந்த விமானத்தில் வானிலை, வரைபடம், ரேடியோ எல்லாம் ஒரே ஆள் தலையில்.

லியரின் வேலைகளில் என் மனசுக்குப் பிடித்தது இங்கேதான் வருகிறது. லாக்ஹீட் லோட்ஸ்டார் என்பது 1939-ல் முதலில் பறந்த இரட்டை எஞ்சின் விமானம். போருக்குப் பிறகு நிறைய உபரியாகக் கிடந்தன. கம்பெனி முதலாளிகள் மலிவாக வாங்கி ஓட்டினாங்க. லியர் அதையே எடுத்து லியர்ஸ்டார் என்று மறுபிறவி கொடுத்தார். 1954-ல் பறந்தது. காற்றைத் தடுக்கும் துருத்தல்களை வழித்து, எரிபொருள் கொள்ளளவைக் கூட்டியதில், மணிக்கு 200 மைலை ஒட்டிப் பறந்த விமானம் 280 மைலை ஒட்டிப் பறந்தது. உள்ளே தானியங்கி ஓட்டியும் புதிய ரேடியோக்களும்.

பழைய விமானத்தில் புது மின்னணு பொருத்துவது, டிவியை மாற்றுகிற மாதிரி வேலை இல்லைங்க. புதுப் பெட்டிகளுக்கு மின்சாரம் போதுமா என்று ஜெனரேட்டர் கணக்கு பார்க்கணும். பெட்டியை வாலில் வைத்தால் ஈர்ப்பு மையம் பின்னால் நகரும், விமானம் அடங்காமல் போகும். ஒவ்வொரு ஆன்டெனாவும் காற்றில் ஒரு சின்ன பிரேக். ஒரு வயர் இன்னொரு வயரில் இரைச்சல் போடும். சர்வோவை ஏற்கனவே இருக்கும் கட்டுப்பாட்டுக் கேபிளில் கட்டணும். அந்தக் கேபிள் பழசு, உராய்வு அதிகம். கெயின் கூடினால் விமானம் ஊஞ்சல் மாதிரி ஆடும், குறைந்தால் சோம்பேறியாகக் கிடக்கும். நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் பேப்பரில் வரையும் அதே பின்னூட்டச் சுற்றுதான். இங்கே தப்பினால் போவது மார்க் இல்லை, உயிர். எல்லாவற்றுக்கும் மேலே, கருவிக்குப் பைத்தியம் பிடித்தால் விமானி கை பலத்தால் அதை மீற முடியணும்.

ஒரு குறையும் சொல்லணும். இந்தப் பெட்டிகள் முதலில் ராணுவத்துக்கும், அடுத்து பெரிய கம்பெனிகளுக்கும்தான் போய்ச் சேர்ந்தன. மேகத்தில் மாட்டிக்கொண்ட சாதாரண சிறு விமானக்காரர் கைக்கு நல்ல தானியங்கி ஓட்டி எட்டுவதற்கு ரொம்ப காலம் ஆனது.

தன் கருவிகளை நம்பித் தானே பறந்தவர் லியர். ஜெனீவாவில் குடியிருந்த காலத்தில், 1956-ல், செஸ்னா 310 என்ற சிறிய இரட்டை எஞ்சின் விமானத்தில் மாஸ்கோவுக்கே போய்வந்தார். பனிப்போர் உச்சத்தில் ஒரு அமெரிக்கர் சொந்த விமானத்தில் அங்கே இறங்குவது என்ன லேசுப்பட்ட காரியமா! 1962-ல் பிரெஞ்சுக்காரங்களும் அவரைக் கௌரவித்தாங்க. காரவெல் பயணிகள் விமானம் தானாகத் தரையிறங்க உதவிய தானியங்கி ஓட்டி இவருடையது.

பழையதைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தவருக்கு ஒரு கட்டத்தில் அது போதவில்லை. எவ்வளவு மெருகேற்றினாலும் லோட்ஸ்டார் ஜெட் ஆகாது. சின்ன ஜெட் கட்டலாம் என்றார், இயக்குநர் குழு மறுத்தது. தன் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறினார். அந்த நிறுவனம் லியர் சீக்லர் ஆனது. இவர் கான்சாஸின் விச்சிடா நகருக்குப் போனார். ஸ்விட்சர்லாந்து கைவிட்ட ஒரு போர் விமானத்தின் வடிவமைப்பிலிருந்து ஊக்கம் பெற்ற ஜெட், 1963 அக்டோபர் 7 அன்று பறந்தது. அடுத்த ஆண்டே அந்த முதல் விமானம் அரசு விமானி ஓட்டிய சோதனையில் விழுந்து நொறுங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. சில வாரங்களில் அனுமதியும் கிடைத்தது. மீதி எல்லோருக்கும் தெரிந்த கதை. 1967-ல் அதையும் விற்றார். நீராவிப் பேருந்து என்று வேறு பக்கம் போனார். நீராவியில் கோடிக்கணக்கில் கரைந்தது. கூட வேலை செய்வதற்கு எளிதான மனுஷன் இல்லை என்பதையும் சொல்லிவிடணும். நான்கு திருமணம். மகளுக்கு ஷாண்டா லியர் என்று பெயர் வைத்த குறும்புக்காரர். சேர்த்து வேகமாகச் சொல்லிப் பாருங்க, சரவிளக்கு வரும்.

1978 மே மாதம் ரீனோவில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். முடிக்காமல் விட்ட லியர் ஃபேன் விமானத்தை மனைவி மோயா தொடர்ந்தார். பிரிட்டன் அரசின் நிதி வேண்டுமென்றால் 1980-க்குள் பறந்தாகணும். கோளாறுகளால் தள்ளிப்போய் 1981 ஜனவரி 1 அன்றுதான் பறந்தது. அந்த நாளை 1980 டிசம்பர் 32 என்று குறித்துக்கொண்டாங்க!

அவர் மாஸ்கோவுக்கு ஓட்டிப்போன ரகமான செஸ்னா 310-கள் இன்றும் பறக்கின்றன. பலவற்றில் கடிகார முள் கருவிகளைக் கழற்றிவிட்டுத் திரைகளும் ஜிபிஎஸ்ஸும் மாட்டுறாங்க. தன் இடத்தைத் தானே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி கருவியை அமெரிக்கா 2020 முதல் பெரும்பாலான முக்கிய வான்பகுதிகளில் கட்டாயமாக்கியதால் இந்த வேலை இன்னும் கூடியது. அப்போ பேனலிலிருந்து முதலில் வெளியே வருவது பெரும்பாலும் அந்தத் திசை காணும் ரேடியோதான். தரை நிலையங்களே ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. சிலர் மட்டும் கழற்ற மனசில்லாமல் விட்டுவைக்கிறாங்க. அதில் ஏஎம் ஸ்டேஷன் எடுக்கும், நீண்ட பயணத்தில் பாட்டு கேட்கலாம்.