அருவிப்புறத்துக் கல்

கடவுள் எல்லோருக்கும் தந்தை என்கிறார்கள். அந்தத் தந்தையைக் காணப் பிள்ளைகளில் சிலர் வரலாம், சிலர் வரக்கூடாது, சிலர் அந்தத் தெருவிலேயே நடக்கக்கூடாது என்றால், அது தந்தை போட்ட சட்டமா, தரகர் போட்ட சட்டமா? இந்தக் கேள்வியை மேடையேறிக் கேட்காமல், செயலால் கேட்டவர் நாராயண குரு.

திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ஈழவர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மாடன் ஆசான், ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். அன்றைய திருவிதாங்கூரில் ஈழவர் நிலை என்ன? பெரிய கோயில்களைச் சுற்றிய தெருக்களில் கால் வைக்கக்கூடாது. அரசுப் பள்ளியின் கதவும் அடைப்பு, அரசு உத்தியோகத்தின் கதவும் அடைப்பு. சென்னையில் மருத்துவம் படித்துத் தேறிய டாக்டர் பல்புவுக்கே சொந்தச் சமஸ்தானம் வேலை தர மறுத்தது. அவர் மைசூர் அரசில் பணிக்குப் போனார். 1896-ல் 13,000-க்கும் மேற்பட்ட ஈழவர்கள் கையொப்பமிட்டு மன்னருக்கு விண்ணப்பம் அனுப்பவேண்டி வந்தது.

இளமையில் வடமொழி கற்றவர் குரு. தமிழும் கற்றார், தமிழில் பாடல்களும் இயற்றினார். இன்றைய குமரி மாவட்டத்து மருத்துவாமலைக் குகையில் தவமிருந்தார். தவம் முடித்துக் காட்டில் தங்கிவிடவில்லை. மக்களிடம் வந்தார்.

1888, சிவராத்திரி இரவு. அருவிப்புறத்தில் நெய்யாற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்தார். கரையில் நிறுத்தினார். அதுதான் சிவன் என்றார். ஊர் அதிர்ந்தது! பிரதிஷ்டை செய்யும் உரிமை பிராமணருக்கன்றோ, ஈழவனுக்கு ஏது என்று கேட்டார்கள். தாம் வைத்தது ஈழவருடைய சிவனைத்தான் என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். அதற்குமேல் என்ன வாதாட முடியும்? சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி எல்லோரும் உடன்பிறந்தாராய் வாழும் இடம் இது என்ற கருத்தை அங்கே எழுதியும் வைத்தார்.

1903-ல் அவர் பெயரால் தர்ம பரிபாலன யோகம் எழுந்தது. கவிஞர் குமாரன் ஆசான் அதன் செயலாளர். கோயில்களும் பள்ளிகளும் பெருகின. வெற்றிதானே என்போம். குரு மகிழவில்லை. ஏன்?

மேல்சாதிக்காரன் தன்னைத் தள்ளினான் என்று குமுறிய அதே ஈழவன், தனக்குக் கீழே புலையன் இருக்கிறான் என்று நிமிர்ந்து நின்றான்! யோகத்திலும் சாதிப் பெருமை தலைதூக்கியது. 1916-ல், யோகத்திலிருந்து விலகுவதாகப் பல்புவுக்கு எழுதிவிட்டார் குரு. தாம் எந்தச் சாதியையும், எந்த மதத்தையும் சேர்ந்தவரல்லர் என்று அந்த ஆண்டிலேயே அறிக்கையும் விட்டார். தம் பெயரால் நடக்கும் அமைப்பையே விட்டு விலகும் நெஞ்சுரம் எத்தனை பேருக்கு வரும்?

1917-ல், அவருடைய சீடர் ஐயப்பன், செறாயில் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் உட்கார்த்திச் சாப்பிடச் செய்தார். சீறிப் பாய்ந்தவர்கள் யார்? சொந்தச் சாதியார்! புலையன் ஐயப்பன் என்று ஏசினார்கள். அவரோ அதையே பட்டமாக ஏற்றுக்கொண்டார். குரு சீடரின் பக்கம் நின்றார். இனிக் கோயில் கட்டுவதைவிடப் பள்ளிக்கூடம் கட்டுவதே முதல் வேலை என்றும் கூறினார்.

1924-ல் ஆலுவாயில் சர்வமத மாநாடு கூட்டினார். அங்கே பல மதத்தாரும் பேசினர். வாதிட்டு வெல்வதற்கல்ல, அறிவதற்கும் அறிவிப்பதற்குமே கூடினோம் என்பது மாநாட்டின் நெறி. அதே ஆண்டு வைக்கத்தில் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் மூண்டது. ஈரோட்டிலிருந்து பெரியார் சென்று சிறைபுகுந்த போராட்டம் அதுதான். வைக்கத்திலிருந்த தம் மடத்தைப் போராடுவோருக்குத் திறந்துவிட்டார் குரு.

1927-ல் களவங்கோட்டில் சிலைக்குப் பதில் கண்ணாடியை நிறுவினார். கும்பிட வந்தவன் தன் முகத்தையே பார்த்தான். மறு ஆண்டு, 1928 செப்டம்பர் 20-ல் குரு மறைந்தார். திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தது 1936-ல். அதைக் காண அவர் இல்லை.

தோழர்களே! மேலே இருப்பவனிடம் சமத்துவம் கேட்பது எளிது. கீழே இருப்பவனுக்கு அதைக் கொடுப்பதுதான் கடினம். ஆலை வாசலில் ஒன்றாய்க் கொடி பிடிக்கிறோம். ஊருக்குத் திரும்பியதும் தனித் தெரு, தனிச் சுடுகாடு என்றால், பிடித்த கொடிக்கு என்ன பொருள்? களவங்கோட்டுக் கண்ணாடியில் நம் முகத்தையும் ஒருமுறை பார்ப்போம்.