சங்கிலிகளை அவிழ்த்த மருத்துவம்

மனித மனத்தை ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு வகையாக விளங்கிக்கொண்டது. உடலின் நால்வகை நீர்மங்கள் சமநிலை தவறுவதே மனக்கலக்கத்திற்குக் காரணம் எனப் பழங்கிரேக்க மருத்துவர்கள் கருதினர். இடைக்கால ஐரோப்பாவில் அதனைத் தீய ஆவியின் செயலென நம்பியோர் பலர். பகுத்தறிவைப் போற்றிய பதினெட்டாம் நூற்றாண்டிலோ, அறிவு கலங்கியவர் மனிதத்தன்மையையே இழந்தவராக எண்ணப்பட்டார். அவ்வெண்ணத்தை மாற்ற உழைத்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் பிரெஞ்சு மருத்துவர் பிலிப் பினெல்.

பினெல் 1745ஆம் ஆண்டு தெற்குப் பிரான்சில் மருத்துவக் குடும்பமொன்றில் பிறந்தார். முதலில் சமயக் கல்வி பயின்ற அவர், பின்னர் மருத்துவத்தின்பால் ஈர்க்கப்பட்டு, 1773இல் துலூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1778இல் பாரிஸ் நகருக்குச் சென்றார். அவருடைய பட்டத்தை அந்நகர மருத்துவப் புலம் ஏற்கவில்லை. ஆகவே மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தும் இதழ் ஒன்றின் ஆசிரியராகப் பணியாற்றியும் வாழ்ந்தார். அக்காலத்தில் நண்பர் ஒருவர் மனநோயுற்று மாண்டார். அவரைக் காக்க இயலாத துயரம், பினெலின் கவனத்தை மனநோயின் பக்கம் திருப்பியது.

1793இல், பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்புக்கிடையே, பிசேத்ர் மருத்துவமனையின் மருத்துவராகப் பினெல் அமர்த்தப்பட்டார். அங்கே மனநோயாளர் பலர் இரும்புச் சங்கிலிகளால் பிணிக்கப்பட்டிருந்தனர். அவர்களைக் கண்காணித்த புஸ்ஸான் என்பவர் பட்டம் பெற்றவர் அல்லர். ஒரு காலத்தில் அதே மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர். பணியாளர் நோயாளரை அடிப்பதை அவர் தடுத்துவந்தார். கனிவினால் விளைந்த நன்மையைக் கண்ட பினெல், பட்டமில்லாத அவரிடமிருந்து கற்கத் தயங்கவில்லை.

பினெல் நோயாளர்களோடு நாள்தோறும் உரையாடினார். அவர்தம் வாழ்க்கை வரலாற்றையும் நோயின் போக்கையும் குறித்துவைத்தார். குருதி வடித்தல் முதலிய கடும் மருத்துவ முறைகளை ஐயுற்றார். கலங்கிய மனத்திலும் அறிவின் ஒளி எஞ்சியிருக்கும், அதனோடு உறவாடி நோயைத் தணிக்கலாம் என்பதே அவர் கண்ட முடிவு.

1795இல் அவர் சல்பெத்ரியேர் மகளிர் மருத்துவமனைக்கு மாறினார். பிசேத்ரில் சங்கிலிகளை அகற்றும் பணியை 1797இல் நிறைவேற்றியவர் புஸ்ஸானே. சல்பெத்ரியேரிலும் சங்கிலிகள் நீங்கின. கட்டுப்பாடு முற்றிலும் மறைந்துவிடவில்லை. தேவையான பொழுது துணியாலான கட்டுச்சட்டை பயன்பட்டது. எனினும் தண்டனையின் இடத்தில் பராமரிப்பு வந்து அமர்ந்தது.

1801இல் பினெல் வெளியிட்ட நூல் மனநோய் மருத்துவத்திற்கு அடித்தளமிட்டது. அதில் புஸ்ஸானின் பங்கை அவர் மறைக்காமல் எடுத்துரைத்தார். ஆயினும் பிற்கால ஓவியர்கள் சங்கிலி அவிழ்த்த பெருமையைப் பினெலுக்கே உரியதாகத் தீட்டினர்.

அரசியல் மாற்றத்தால் 1822இல் பேராசிரியர் பதவியை இழந்த பினெல், 1826இல் மறைந்தார். நோயுற்றவரை அஞ்சி விலக்காமல், அவர் சொல்வதைச் செவிமடுத்துக் கேட்பதே மருத்துவத்தின் தொடக்கம் என்பதை அவரது வாழ்வு உணர்த்துகிறது.