விற்காத விஞ்ஞானி

ஆரோவில் பக்கம் போனா சோலார் தகடு பார்த்திருப்பீங்க. அதிலுள்ள சிலிக்கான் ஒரு குறைக்கடத்தி. அந்த வகைப் பொருளை அப்பவே ஆராய்ந்தவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

இவர் 30.11.1858 அன்று, இன்றைய பங்களாதேஷில் பிறந்தார். அப்பா பெரிய அதிகாரி. ஆனாலும் மகனை ஊர்ப் பள்ளியில் தாய்மொழியில்தான் சேர்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர் ஒரு மீனவர் மகன்!

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியர் ஆனார். வெள்ளைக்காரரை விட இவருக்குச் சம்பளம் குறைவு. அதனால் மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் முழுச் சம்பளமும் பாக்கியோடு கிடைத்தது. அப்பாவின் கடனை அடைத்தார்.

கலீனா என்ற ஈயத் தாதுவும் குறைக்கடத்திதான். அதை வைத்து ரேடியோ அலையையும் ஒளியையும் உணரும் கருவி செய்தார். காப்புரிமை வாங்க அவருக்கு மனசில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதை வைத்தும் அவர் சம்பாதிக்கவில்லை. 1917-ல் போஸ் ஆய்வு நிலையம் தொடங்கினார். 23.11.1937-ல் மறைந்தார்.

இன்று சோலார் தகடு உலகம் முழுக்கப் பெரிய வியாபாரம். உப்பளத்து வெயில் மாதிரி அறிவும் எல்லாருக்கும் பொதுன்னு அவர் வாழ்ந்தார். ஆனா, உப்பு விளைவிக்கிறவங்களுக்குக் கூலி வேணும்தானே? நீங்க என்ன சொல்றீங்க?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி