டயரில் காற்றைக் குறைத்த மனிதர்



போன செமஸ்டர் எங்கள் டீம் கட்டிய ஆல் டெரைன் வண்டியை ஒர்க்‌ஷாப் பின்னால் கொட்டிக் கிடந்த மணல்ல முதல் தடவை டெஸ்ட் பண்ணினோம். முந்தின வாரம்தான் 21 அங்குல டயரைக் கழட்டிட்டு 23 அங்குல டயர் போட்டிருந்தோம். பார்க்க செம கெத்து. ஆனால் இருபது அடி கூட போகல. பின் சக்கரம் ரெண்டும் சுத்திச் சுத்தித் தனக்குத் தானே குழி தோண்டிக்கிச்சு. எஞ்சின் பவர் பத்தல, ட்ரெட் சரியில்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கிட்டு இருந்தோம். ஒர்க்‌ஷாப் அண்ணா வந்தார். ஒன்றும் பேசவில்லை. குனிந்து நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கி விட்டார். வண்டி வெளியே வந்துவிட்டது.

நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்த எங்களுக்கு ஏன் இது தோணல? அந்த வெட்கத்தில் தேட ஆரம்பித்தபோதுதான் ரால்ஃப் பாக்னால்ட் என்ற பெயர் கிடைத்தது. ஆஃப்ரோடு வண்டி மாடிஃபிகேஷன் என்று இன்று நாம் சொல்லும் பல விஷயங்களை நூறு வருஷத்துக்கு முன்னாடியே சஹாராவின் நடுவில், தன் உயிரைப் பணயம் வைத்துச் செய்து பார்த்தவர். அவருடைய கதைதான் இது.

சப்பர் வீட்டுப் பிள்ளை

ரால்ஃப் ஆல்ஜர் பாக்னால்ட் 1896 ஏப்ரல் 3 அன்று இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரி. அக்கா ஈனிட் பாக்னால்ட் பிற்காலத்தில் பெயர் பெற்ற எழுத்தாளர். வீட்டில் ஒருவருக்குப் பேனா, இன்னொருவருக்கு ஸ்பேனர்.

ரால்ஃபும் 1915-ல் அப்பாவின் படைப்பிரிவிலேயே சேர்ந்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். சோம், ஈப்ர, பாஷன்டேல் என்று மிக மோசமான போர்முனைகளில் மூன்று வருஷம் இருந்தார். நம்ம வயசில் அவர் பார்த்தது சேறும் பதுங்குகுழியும் சாவும்தான். போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜ் போய் எஞ்சினியரிங் படித்தார். பிறகு மீண்டும் ராணுவம், இந்த முறை சிக்னல்ஸ் பிரிவு.

1920-களின் நடுவில் அவருக்கு எகிப்தில் போஸ்டிங் கிடைத்தது. கெய்ரோவில் இருந்த மற்ற அதிகாரிகள் லீவு கிடைத்தால் போலோ ஆடினார்கள். இவரும் சில நண்பர்களும் சொந்தக் காசில் ஃபோர்டு மாடல் டி கார் வாங்கிப் பாலைவனத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

எதைப் போடலாம் என்று அல்ல, எதைக் கழட்டலாம் என்று

கெய்ரோவுக்கு மேற்கே லிபியப் பாலைவனம். அதற்குள் பெரும் மணற்கடல் என்று அழைக்கப்படும் பகுதி. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வரிசை வரிசையாக மணற்குன்றுகள். கார் அதைத் தாண்டவே முடியாது என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். வழியில் வண்டி நின்றால் தேடி வர யாரும் கிடையாது. செர்சுரா என்ற தொலைந்துபோன பாலைவனச் சோலை எங்கேயோ இருக்கிறது என்ற பழைய கதையும் இவர்களை இழுத்தது.

பாக்னால்ட் முதலில் செய்தது வண்டியின் எடையைக் குறைப்பது. ஓடுவதற்குத் தேவையில்லாத பாகங்களைக் கழட்டிப் போட்டார். மிச்சமான எடைக்குத் தண்ணீரும் பெட்ரோலும் ஏற்றினார். நாம் மாடிஃபிகேஷன் என்றாலே எதையாவது வாங்கிச் சேர்ப்பது என்று நினைக்கிறோம் இல்லையா? அவர் கழித்தலில் இருந்து தொடங்கினார்.

அடுத்தது டயர். அதிலும் முக்கியமாக டயருக்குள் இருக்கும் காற்று. இதில் உள்ள கணக்கு நமக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தெரியும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ எடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், தோராயமாக 285 சதுர சென்டிமீட்டர் பரப்பு தரையைத் தொடும். காற்றை 15 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கினால் அது 570 ஆகிவிடும். டயர் சுவரின் விறைப்பைக் கணக்கில் எடுத்தால் கொஞ்சம் குறையும், ஆனால் திசை இதுதான். அதே எடை இரண்டு மடங்கு இடத்தில் பரவுவதால் மணல் தாங்குகிறது, சக்கரம் புதைவதில்லை. அகலமான டயர் உதவும்தான். ஆனால் அகலமான டயரில் காற்றைக் கல்லு மாதிரி நிரப்பி வைத்தால் அந்த அகலத்தால் பெரிய பிரயோஜனம் இல்லை. எங்கள் வண்டி புதைந்ததற்குக் காரணம் இதுதாங்க.

காற்றைக் குறைப்பதிலும் ஆபத்து உண்டு. கெட்டியான தரையில் அதே குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகிக் கிழிந்துவிடும். திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றும் வரலாம். அதனால் மணலுக்கு ஒரு காற்று, கல்தரைக்கு ஒரு காற்று.

கெய்ரோ காயலாங்கடையில் கிடைத்த தகடு

எவ்வளவு செய்தாலும் சில இடங்களில் வண்டி புதையத்தான் செய்யும். அதற்கு பாக்னால்ட் கண்டுபிடித்த வழி, கெய்ரோவில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குக் கூரை போடச் செய்யப்பட்ட, நீளமான பள்ளத் தகடுகள். அவற்றைப் புதைந்த சக்கரத்துக்கு முன்னால் செருகினால் தண்டவாளம் மாதிரி ஆகிவிடும். வண்டி அதன் மேல் ஏறி, வேகம் எடுத்து, கெட்டி மணலுக்குத் தாவிவிடும். பின்னால் ஓடிப்போய்த் தகட்டை எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான். இன்று ஆஃப்ரோடு கடைகளில் ஆரஞ்சு கலரில் பிளாஸ்டிக்கில் விற்கிறார்களே, அதற்கு மூத்த அண்ணன் இந்தத் தகடு.

அடுத்த பிரச்சினை ரேடியேட்டர். பாலைவன வெயிலில் மெதுவாக ஏறும் வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போய்விடும். குடிக்கிற தண்ணீரையே அளந்து குடிக்கிற இடத்தில் எஞ்சினுக்கு எங்கே ஊற்றுவது? ரேடியேட்டரின் ஆவி வெளியேறும் குழாயை நீட்டி, பாதி தண்ணீர் நிரப்பிய ஒரு கேனுக்குள் விட்டார். ஆவி அந்தத் தண்ணீரில் போய்க் குளிர்ந்து தண்ணீராகிவிடும். எஞ்சின் சூடு தணிந்ததும் ரேடியேட்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, கேனில் இருந்த தண்ணீரைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டும் வீண் இல்லை. இன்று நம் கார்களில் ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கும் கூலன்ட் டப்பா வேலை செய்வதும் இதே கொள்கையில்தான்.

மூன்றாவது, திசை. காரின் இரும்பு பக்கத்தில் இருந்தால் காந்தத் திசைகாட்டி பொய் சொல்லும். ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தி, இறங்கித் தள்ளிப்போய்ப் பார்க்க வேண்டும். பாக்னால்ட் ஒரு சூரியத் திசைகாட்டி வடிவமைத்தார். படுக்கையான ஒரு வட்டத் தட்டில் 360 டிகிரி குறித்திருக்கும், நடுவில் செங்குத்தாக ஒரு ஊசி. ஊசியின் நிழல் எந்த டிகிரியில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே ஓட்டலாம், நிறுத்த வேண்டியதில்லை. நேரத்துக்கு ஏற்பத் தட்டைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். இரவில் நட்சத்திரங்களை அளந்து, தாங்கள் நிற்கும் இடத்தைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் பெரும் மணற்கடலின் குன்றுகளை நேருக்கு நேர் சந்தித்தார்கள். மெதுவாக ஏறினால் கண்டிப்பாகப் புதையும். ஆகவே பாக்னால்ட் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து, சுவர் மாதிரி நின்ற குன்றை நோக்கி நேராக விட்டார். மோதவில்லை, வண்டி லிஃப்ட் மாதிரி வழுக்கிக்கொண்டு மேலே போய்விட்டது. ஆனால் உச்சியில் சரியான நொடியில் நிறுத்தத் தெரியவேண்டும். மறுபக்கம் செங்குத்தான சரிவாக இருந்தால் வண்டியோடு உருள வேண்டியதுதான்.

1932-ல் லிபியப் பாலைவனத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்த முதல் பயணமாக அவருடைய பயணம் பதிவானது. செர்சுரா மட்டும் கிடைக்கவே இல்லை.

மணலைப் படித்தவர்

1935-ல் ராணுவத்தை விட்டு வந்தார். வேறு யாராவது என்றால் அந்தப் புகழை வைத்தே வாழ்க்கையை ஓட்டியிருப்பார்கள். இவருக்கோ ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. காற்று கண்டபடி வீசுகிறது, மணல் கண்டபடி பறக்கிறது. அப்படியிருக்க, குன்றுகள் மட்டும் எப்படி இவ்வளவு ஒழுங்கான வடிவத்தில் வருகின்றன?

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தானே ஒரு காற்றுச் சுரங்கம் கட்டினார். மணல் துகள்கள் பெரும்பாலும் காற்றில் மிதந்து போவதில்லை, தவளை மாதிரி தாவித் தாவிப் போகின்றன, விழும்போது மற்ற துகள்களைக் கிளப்பிவிடுகின்றன என்பதை அளந்து காட்டினார். காற்றின் உராய்வு வேகம் இரண்டு மடங்கானால் நகரும் மணல் ஏறக்குறைய எட்டு மடங்காகும் என்பது அவருடைய சமன்பாட்டின் சாரம். ஆய்வகத்தில் வந்த எண்களை நம்பி உட்கார்ந்துவிடாமல், 1938-ல் மறுபடி லிபியப் பாலைவனத்துக்கே போய் மணற்காற்றில் நின்று சரிபார்த்தார். 1941-ல் அது புத்தகமாக வந்தது. இன்றும் இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் அதைத்தான் முதலில் தொடுகிறார்கள்.

ஒரு கப்பல் விபத்தும் ஒரு படையும்

1939-ல் இரண்டாம் உலகப் போர். பாக்னால்டை மீண்டும் பணிக்கு அழைத்துக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். வழியில் மத்தியதரைக் கடலில் அவர் போன கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி, ரிப்பேருக்காக எகிப்தில் ஒதுங்கியது. பாலைவனத்தை அவர் அளவுக்குத் தெரிந்தவர்கள் சிலரே. தளபதி வேவல் அவரை எகிப்திலேயே நிறுத்திக்கொண்டார்.

பாலைவனத்துக்குள் ஆழமாக ஊடுருவும் சிறு படை ஒன்று வேண்டும் என்ற அவருடைய யோசனையை முதலில் மேலதிகாரிகள் ஏற்கவில்லை. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இப்போது வேவல் சம்மதித்தார். தயாராக ஆறு வாரம்தான் அவகாசம். கெய்ரோ டீலரிடமும் எகிப்து ராணுவத்திடமும் செவ்ரோலெட் லாரிகளை வாங்கினார். கதவு, கண்ணாடி எல்லாம் போச்சு. லீஃப் ஸ்பிரிங் பலப்படுத்தப்பட்டது. அகலமான, காற்று குறைவாக வைக்கும் டயர்கள், கேன் கண்டென்சர், மணல் தகடு, சூரியத் திசைகாட்டி எல்லாம் ஏறின. லீவு நாள் பொழுதுபோக்கில் கற்ற ஒவ்வொன்றும் இப்போது உயிர் காக்கும் சாமான் ஆனது. முதலில் சேர்ந்தவர்கள் நியூசிலாந்து வீரர்கள். அந்தப் படைதான் லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப். எதிரியின் பின்புறம் நூற்றுக்கணக்கான மைல் உள்ளே போய் வேவு பார்த்தார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கு. அந்த செவ்ரோலெட்டுகள் ஃபோர் வீல் டிரைவ் கிடையாது! 1941-ல் ஃபோர் வீல் டிரைவ் ஃபோர்டு லாரிகள் வந்தன. ஆனால் எடை அதிகம், பெட்ரோல் குடியும் மிக அதிகம். அதனால் ஒரு டேங்க் நம்பிக்கையில் போகக்கூடிய தூரம் சுருங்கியது. 1942-ல் மறுபடி டூ வீல் டிரைவ் செவ்ரோலெட்டுக்கே திரும்பினார்கள். காகிதத்தில் பெரியதாகத் தெரிவது களத்தில் சிறந்ததாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பாக்னால்ட் 1941-ல் தலைமையைத் தன் பழைய பயணத் தோழர் பிரெண்டர்காஸ்ட்டிடம் ஒப்படைத்தார். 1944-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. எண்பது வயசு தாண்டியும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். செவ்வாய்க் கிரகத்தின் மணலைப் புரிந்துகொள்ள நாசா விஞ்ஞானிகள் அவருடைய சமன்பாடுகளைத் தேடி வந்தார்கள். 1990 மே 28 அன்று, 94 வயதில் காலமானார். செவ்வாயில் கேல் பள்ளத்தில் கியூரியாசிட்டி ரோவர் ஆராய்ந்த மணற்குன்றுகளுக்கு இன்று பாக்னால்ட் குன்றுகள் என்று பெயர்.

மறுபடி எங்கள் வண்டிக்கு

இவரைப் படித்த பிறகு எங்கள் 23 அங்குல டயரைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். விட்டம் சுமார் 9.5 சதவீதம் கூடியிருக்கிறது. கியர் ரேஷியோவை மாற்றாததால், தரையில் கிடைக்கும் இழுவிசை சுமார் 9 சதவீதம் குறைந்திருக்கிறது. பிரேக்குக்கு அதே அளவு கூடுதல் சுமை. ஸ்டியரிங் முழுசாகத் திருப்பினால் டயர் சஸ்பென்ஷன் ஆர்மில் உரசுகிறது. கெத்துக்காக நாங்கள் கொடுத்த விலை இது. ரோட்டில் ஓடும் வண்டி என்றால் இன்னொன்றும் சேரும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ஐ நெருங்கியிருக்கும். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவில் வைங்க.

நாங்கள் 21 அங்குலத்துக்கே திரும்பிவிட்டோம். 11 கிலோ தேவையில்லாத இரும்பை அறுத்து எடுத்தோம். டூல் பாக்ஸில் புதுசாக ஒரு சாமான் சேர்ந்திருக்கிறது. காற்றழுத்தம் பார்க்கும் சின்ன கேஜ். ஒர்க்‌ஷாப் அண்ணாகிட்ட பாக்னால்ட் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டார், சிரித்தார், திரும்பவும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த இதழில் ஜூனியர்ஸ் எழுதுவாங்க. எனக்கு இதுதான் கடைசி. வண்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கோங்க. மணலில் இறக்கும் முன் காற்றை மறக்காம இறக்குங்க!