பேப்பர் போடும் முன் இவர் கதையைப் படிங்க: எஸ்.ஆர்.ரங்கநாதன்

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், அடிப்படையில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். மாணவர்களோடு பேசிப் பழகியவருக்கு அந்தத் தனிமை சுத்தமா செட் ஆகல. சில நாட்களிலேயே பழைய வேலையைத் திருப்பிக் கேட்டார். லண்டன் போய் நூலகவியல் படித்துவிட்டு வரட்டும், அப்போதும் பிடிக்கலைன்னா கல்லூரிக்கே திரும்பலாம் என்று முடிவானது.

லண்டனில் பொது நூலகங்கள் எல்லாத் தரப்பு மக்களுக்கும் பயன்படுவதைப் பார்த்தார். இதுவும் கற்பிக்கும் வேலைதான் என்று புரிந்தது.

1925-ல் திரும்பியவர் வேலையை விடல, வேலையையே மாத்தினார். வாசகர்களே அலமாரியில் இருந்து புத்தகம் எடுக்கலாம் என்றார். அது அவருக்குள் இருந்த ஆசிரியர் செய்தது. கணக்கு மூளை மட்டும் சும்மா இருக்குமா? புத்தகங்களை வகைப்படுத்தும் 'கோலன் பகுப்புமுறை' 1933-ல் வெளிவந்தது. சுமார் 20 ஆண்டுகள் அதே நாற்காலி!

இதைத்தான் இன்று 'ஜாப் கிராஃப்டிங்' என்கிறார்கள். 1972-ல் மறைந்த அவரது பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் தினம்.

உங்க வேலையும் போர் அடிக்குதா? உங்களுக்குப் பிடித்த எதை அதற்குள் கொண்டுவரலாம்னு முதல்ல யோசிங்க.