ஆட்டத்தை மாற்றிய ஆசிரியர்: சையது அப்துல் ரஹீம்

விளையாட்டு வரலாற்றில் வென்றவர்களின் பெயர் நிலைத்து நிற்கும். அவர்களை உருவாக்கியவரின் பெயர் பெரும்பாலும் மறைந்துபோகும். கோபுரத்தின் உச்சியைக் காண்பவர் அதன் கடைக்காலை எண்ணிப் பார்ப்பதில்லை. இந்தியக் கால்பந்தாட்டத்திற்குக் கடைக்காலாய் அமைந்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம் ஆவார். ரஹீம் சாகிப் என்று அன்புடன் அழைக்கப்பெற்ற அப்பெருமகனார் ஒரு பள்ளி ஆசிரியர். ஆசிரியர் ஒருவர் ஒரு நாட்டின் ஆட்டமுறையையே மாற்றியமைத்த வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

தோற்றமும் ஆசிரியப் பணியும்

ரஹீம் 1909ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்; உடற்கல்வியும் பயின்றார்; பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1943ஆம் ஆண்டு ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகி, இறுதிவரை அப்பொறுப்பில் இருந்தார். அவர் பயிற்சியளித்த ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

வகுப்பறையில் பாடத்தைப் படிப்படியாகக் கற்பிப்பது போலவே மைதானத்திலும் அவர் கற்பித்தார். அந்நாளில் நம் வீரர்கள் பந்தைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு, எதிரே வருவோரை ஒருவர்பின் ஒருவராக ஏய்த்துச் செல்வதைப் பெருமையாகக் கருதினர். அவ்வாறு ஆடுதல் கூடாது என்னும் விதியோடு ரஹீம் போட்டிகளை நடத்தினார். வலக்கால் பழக்கமுடையோர் இடக்காலால் மட்டுமே ஆட வேண்டிய போட்டிகளையும் வைத்தார். பந்து வந்தவுடன் தோழனுக்குக் கொடு, கொடுத்தவுடன் வெற்றிடம் நோக்கி ஓடு என்பதே அவர் கற்பித்த பாடத்தின் சாரம் எனலாம்.

மாணவரின் வறுமையையும் அவர் அறிந்திருந்தார். செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த துளசிதாஸ் பலராம், பயிற்சிக்கு வந்து செல்லவும் வசதியற்ற இளைஞராக இருந்தார். அவருக்கு மிதிவண்டி வாடகைக்குப் பணம் கொடுத்து வரவழைத்தார் ரஹீம். அந்த இளைஞரே பின்னாளில் இந்தியாவின் தலைசிறந்த முன்கள வீரர்களுள் ஒருவரானார்.

வெறுங்காலும் ஹெல்சிங்கியும்

1951ஆம் ஆண்டு டெல்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. பயிற்சியாளர் ரஹீம். அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என இந்தியாவைத் தோற்கடித்தது. நம் வீரருள் பலர் வெறுங்காலுடன் ஆடினர்.

வெறுங்காலால் பந்தாடுதல் நமக்குப் புதிதன்று. நம் கல்லூரிக்கு மாணவர் வந்து பயிலும் ஜமுனாமரத்தூரிலும், அதனைச் சூழ்ந்த ஜவ்வாது மலைச் சிற்றூர்களிலும், வெறுங்காலுடன் ஓடிப் பழகிய இளைஞரை இன்றும் காண்கிறோம். அக்கால்களின் உரமும் விரைவும் இயற்கை தந்த செல்வம். ஆயினும் குளிரும் ஈரமும் நிறைந்த அயல்நாட்டு மைதானத்தில், காலணி அணிந்த எதிரிகளுக்கு முன் அச்செல்வம் மட்டும் போதாது என்பதை ஹெல்சிங்கி உணர்த்தியது. அதன்பின் இந்திய வீரர் காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது.

தோல்வியைக் கண்டு ரஹீம் துவளவில்லை, கற்கத் தொடங்கினார். 1953இல் அங்கேரி அணி, இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 6-3 என வீழ்த்தி உலகை வியக்கவைத்தது. மைய முன்கள வீரர் முன்னே நில்லாமல் பின்னுக்கு வந்து ஆடுவது அவ்வணியின் உத்தி. அவரைத் தடுக்க வேண்டியவர் பின்தொடர்ந்தால் காவல் குலையும். தொடராவிட்டால் அவர் தடையின்றி ஆடுவார். இவ்வுத்தியை ரஹீம் நம் வீரரின் இயல்புக்கேற்பப் பயன்படுத்தினார்.

மெல்போர்ன் முதல் ஜகார்த்தா வரை

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அதன் பயன் விளங்கியது. இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு இந்தியாவே. அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவிடம் 4-1 எனத் தோற்று, முடிவில் நான்காம் இடம் பெற்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. அங்கேரியிடம் 2-1 என்னும் சிறு வேறுபாட்டில்தான் தோற்றது.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டிக்கு அணியை அழைத்துச் சென்றபோது ரஹீமின் உடல் நுரையீரற் புற்றுநோயால் நலிந்திருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. தாய்லாந்துடனான ஆட்டத்தில் பின்காப்பாளர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையல் போடப்பட்டது. ரஹீம் அவரை அரையிறுதியில் முன்களத்தில் நிறுத்தினார். கட்டுப்போட்ட தலையுடன் ஆடிய ஜர்னைல் அரையிறுதியிலும் இறுதியிலும் கோல் அடித்தார்.

செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டம். அரசியல் பிணக்கால் இந்தோனேசியப் பார்வையாளர் இந்தியாவுக்கு எதிராக முழங்கினர். பாகிஸ்தான் ஹாக்கி வீரர் இந்தியாவை ஊக்குவித்ததை நம் வீரர் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தனர். நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் படைப்பிரிவு அணிக்கு ஆடிப் புகழ்பெற்ற பீட்டர் தங்கராஜ் கோலைக் காத்தார். பி.கே. பானர்ஜியும் ஜர்னைலும் கோல் அடிக்க, முன்பு தோற்ற அதே தென்கொரியாவை 2-1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அணித்தலைவர் சுனி கோஸ்வாமி. வங்காளி, பஞ்சாபி, தமிழர், தெலுங்கர் எனப் பலரும், பல சமயத்தாரும் ஓருடலாய் இயங்கிய அணி அது.

மறைவும் மறதியும்

ஓராண்டும் நிறைவுறாத நிலையில், 1963 ஜூன் 11 அன்று ரஹீம் மறைந்தார். அதன்பின் நடந்தது நாம் சிந்திக்கத்தக்கது. 1970இல், அவரிடம் பயின்ற பி.கே. பானர்ஜி பயிற்சியாளருள் ஒருவராக இருந்த காலத்தில், பாங்காக்கில் வெண்கலம் கிடைத்தது. அதற்குப்பின் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் கால்பந்தில் இந்தியா பதக்கம் பெறவில்லை. 1960க்குப்பின் ஒலிம்பிக் கால்பந்தில் தகுதி பெறவுமில்லை. ஏனைய ஆசிய நாடுகள் முறையான பயிற்சியில் முன்னேறின. நம் நாட்டிலோ ரஹீம் கற்பித்த முறை ஏட்டில் ஏறவில்லை. அதைத் தொடரும் பள்ளி எழவில்லை. ஒருவரின் நெஞ்சில் இருந்த கலை அவரோடு பெருமளவு புதைந்தது. 2024இல் வெளிவந்த இந்தித் திரைப்படம் ஒன்று அவர் பெயரை மீண்டும் மக்களிடம் கொண்டு சென்றது. அறுபது ஆண்டு தாழ்ந்து வந்த நினைவு அது.

ரஹீமின் வாழ்வு மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உணர்த்தும் பாடங்கள் வேறு வேறு. இயற்கைத் திறன் எத்துணைச் சிறந்ததாயினும் பழகிய பெருமையை விட்டுப் புதியது கற்போரே உயர்வர் என்பது மாணவர்க்கு. தாம் கற்றதைத் தமக்குப்பின் கற்பிக்க வல்லாரை உருவாக்கும் வரை ஆசிரியப் பணி நிறைவுறுவதில்லை என்பது நம்போன்றோர்க்கு. மலையூரிலிருந்து வரும் ஓர் இளைஞனின் காலில் ஆற்றலைக் காணும் ஆசிரியர், அவன் வந்து செல்ல வழியும் செய்வாராயின், அதுவே ரஹீம் சாகிப்புக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.