பெற்றோரை முதல் மாணவராக்கிய ஆசான்

1930-களின் தொடக்கத்தில், டோக்கியோவில் வயலின் கற்பித்துவந்த ஷினிச்சி சுசுகியிடம் ஒரு தந்தை தம் நான்கு வயது மகனை அழைத்து வந்தார். அதுவரை இளைஞர்களுக்கே பாடம் நடத்தி வந்த சுசுகிக்கு, அத்தனை சிறிய குழந்தைக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அந்தத் தடுமாற்றத்துக்கு அவர் தேடிய விடை, உலகெங்கும் குழந்தைகள் இசை பயிலும் முறையையே மாற்றியது.

1898-இல் நகோயா நகரில் பிறந்தவர் சுசுகி. தந்தை மசாகிச்சி வயலின் தொழிற்சாலை நடத்தியவர். ஆனால் வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலின் வெறும் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. வணிகப் பள்ளியில் படித்துக் குடும்பத் தொழிலுக்குள் நுழைவதே சுசுகியின் முன்னிருந்த பாதை. பதினேழாம் வயதில், மிஷா எல்மன் வாசித்த ஷூபர்ட்டின் 'ஆவே மரியா' இசைத்தட்டைக் கேட்டதும் அவர் மனம் திசைமாறியது. தொழிற்சாலையிலிருந்து ஒரு வயலினை எடுத்துவந்து, இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டுத் தாமே பழகினார். 1920-களில் பெர்லின் சென்று கார்ல் கிளிங்லரிடம் பயின்றார். 1928-இல் வால்ட்ராட் என்ற ஜெர்மானியப் பெண்ணை மணந்து, பின்னர் தாயகம் திரும்பினார்.

ஜெர்மன் மொழியைக் கற்கத் தாம் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை. அவ்வளவு கடினமான செயலை, ஜப்பானியக் குழந்தைகள் அனைவரும் தம் தாய்மொழியில் இயல்பாகச் செய்துவிடுகிறார்களே என்ற எண்ணம் அவரை ஆட்கொண்டது. பேச்சுக்குத் திறமை இல்லை என்று எந்தத் தாயும் குழந்தையைக் கைவிடுவதில்லை. நாள்தோறும் கேட்டல், திரும்பத் திரும்பச் சொல்லுதல், ஒவ்வொரு சொல்லுக்கும் கிடைக்கும் மகிழ்ச்சி ஆகியவையே குழந்தையைப் பேசவைக்கின்றன. இசைக்கு மட்டும் ஏன் வேறு விதி? அந்த நான்கு வயதுச் சிறுவன் தோஷியா எதோ, பின்னாளில் புகழ்பெற்ற வயலின் கலைஞரானார்.

இம்முறையில் முதல் பாடம் குழந்தைக்கு அன்று, பெற்றோருக்கு. தாயோ தந்தையோ முதலில் ஒரு பாடலையேனும் வாசிக்கக் கற்க வேண்டும். அதைப் பார்க்கும் குழந்தை, தானும் வாசிக்க வேண்டும் என்று தானே கேட்கும். அந்த ஆசை முளைத்த பிறகே சிறிய கருவி அதன் கைக்கு வரும். பாடல்களின் ஒலிப்பதிவு வீட்டில் அன்றாடம் ஒலிக்கும். எழுதப் படிப்பதற்கு முன் பேசக் கற்பதுபோல, இசைக்குறிப்பைப் படிப்பது பிறகே வரும்.

போர் இந்தப் பணியைக் கலைத்தது. குடும்பத் தொழிற்சாலை விமான உறுப்புகள் செய்யும் ஆலையாக மாறியது, சுசுகி மரம் திரட்ட மலைப் பகுதிக்குச் சென்றார், பசி வாட்டியது. போர் முடிந்ததும், பெற்றோரை இழந்திருந்த தம் பழைய மாணவன் கோஜி தொயோதாவை வானொலி அறிவிப்பின் வழியாகத் தேடிக் கண்டுபிடித்துத் தம் வீட்டிலேயே வளர்த்தார். பிள்ளைப்பேறு இல்லாத அவர், பெற்றோரின் பங்கைத் தாமே ஏற்றுக் காட்டிய தருணம் அது. தொயோதா பிற்காலத்தில் பெர்லின் வானொலி இசைக்குழுவின் முதன்மை வயலின் கலைஞராக உயர்ந்தார்.

1946-இல் மாட்சுமோட்டோ நகரில் சுசுகியின் பள்ளி தொடங்கியது. 1955-இல் டோக்கியோவில் ஏறத்தாழ 1,200 குழந்தைகள் ஒருசேர வாசித்தனர். அதன் திரைப்படப் பதிவு 1958-இல் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் காட்டப்பட்டபோது ஆசிரியர்கள் வியந்தனர். 1964-இல் பத்துக் குழந்தைகளுடன் அவரே அந்நாட்டுக்குச் சென்றார். குழந்தைகளை இயந்திரங்களாக்குகிறார், குறிப்பைப் படிக்கும் திறனைத் தாமதப்படுத்துகிறார் என்ற குறைகளும் எழுந்தன. இரண்டாவது இன்றும் விவாதத்துக்குரியதே. ஆனால் கலைஞர்களை உற்பத்தி செய்வதைத் தம் நோக்கமாக அவர் ஒருபோதும் கொண்டதில்லை. நல்ல மனிதரை உருவாக்க இசை ஒரு வழி என்பதே அவர் கொள்கை. 1998-இல், 99-ஆம் வயதில் மாட்சுமோட்டோவில் காலமானார்.

பியானோ, செல்லோ, புல்லாங்குழல் என்று விரிந்த அவர் முறை, கிதாருக்கும் வந்து சேர்ந்தது. கம்பியை அழுத்தும்போது பிஞ்சு விரல்நுனி வலிக்கும் என்பதைத் தன் விரலால் அறிந்த தந்தை, பயிற்சியில் பிழைக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ள மாட்டார். பெற்றோரின் ஈடுபாடு என்பதற்கு சுசுகி தந்த பொருள் இதுவே. கண்காணிப்பதன்று, உடன் கற்பது.

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் வகுப்புக்கு உரியது ஒரு மணி நேரம்தான். கட்டணம் செலுத்தி, பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டதும் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். ஓராண்டில் ஆர்வம் வடிந்ததும் பிள்ளைக்குத் திறமை இல்லை என்று தீர்ப்பெழுதுகிறோம். எஞ்சிய 167 மணி நேரத்தில் அந்த வீட்டில் என்ன ஒலித்தது, யார் உடன் அமர்ந்தார் என்று கேட்டிருந்தால், அத்தீர்ப்பு பிள்ளையின் பெயருக்கு எழுதப்பட்டிருக்காது.